பருத்தியும் நெத்திலியும் எழுப்பிய நகரம்: பெருவின் கரால்

கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் மாயா, ஆஸ்டெக், இன்கா என்ற மூன்று பெயர்களே முதலில் வந்து நிற்கின்றன. இவற்றுள் பின்னிரண்டும் ஐரோப்பியர் கரையிறங்கிய காலத்தில் இளைய அரசுகள். ஆஸ்டெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லான் நிறுவப்பட்டது ஏறத்தாழ கி.பி. 1325இல், குஸ்கோவைச் சுற்றிய சிற்றரசாக இருந்த இன்கா ஆட்சி பேரரசாக விரிந்ததோ 15ஆம் நூற்றாண்டில். ஸ்பானியப் படைத்தலைவர்களான கோர்த்தேஸ் 1519இலும் பிசாரோ 1532இலும் கண்டது மிக நீண்ட ஒரு வரலாற்றின் பிற்பகுதியை மட்டுமே. அதன் முற்பகுதியைத் தேடிப் போனால், எகிப்தில் கூஃபுவின் பெரிய பிரமிடும் சிந்துவெளியில் மொகஞ்சதாரோவும் எழுந்த அதே காலத்தில், பெரு நாட்டின் பசிபிக் கரையோரப் பாலைவனத்தில் கட்டப்பட்ட கரால் என்ற நகரத்துக்கு வந்து சேர்வோம்.

பழமைதான் கராலுக்குப் புகழைத் தேடித் தந்தது. ஆனால் என் பார்வையில் அதைவிட முக்கியமானது, நகர நாகரிகம் எப்படித் தோன்றும் என்று நாம் பள்ளிப்பாடத்தில் படித்த வரிசையை அது குலைத்துப் போடுவது. ஆற்றங்கரையில் தானியம் விளைந்தது, மிஞ்சிய தானியத்தைக் குதிரில் சேர்த்தார்கள், அதைக் காக்கவும் பங்கிடவும் அரசன் வந்தான், கணக்கெழுத எழுத்து வந்தது, பகைவரைத் தடுக்க மதில் வந்தது என்பது அந்த வரிசை. மெசொப்பொத்தேமியாவை மனத்தில் வைத்துத் தொல்லியலாளர் கோர்டன் சைல்டு 1950இல் வகுத்த நகரப் புரட்சியின் அடையாளங்களும் ஏறக்குறைய இதே திசையில் செல்பவைதான். கராலில் மட்பாண்டம் இல்லை. எழுத்து இல்லை, உலோகக் கருவி இல்லை, சக்கரமோ இழுவை விலங்கோ இல்லை, ஊரைச் சுற்றி மதிலும் இல்லை. இருந்தும் கல்லும் மண்ணும் கொண்டு மலைபோன்ற மேடைகள் எழுந்தன. அவற்றைச் சுற்றித் திட்டமிட்ட ஊர் அமைந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அது நிலைத்தது.

தலைநகர் லிமாவுக்கு வடக்கே சுமார் 180 கி.மீ. தொலைவில், கடலிலிருந்து 23 கி.மீ. உள்ளே, சூப்பே ஆற்றின் பசுமையான பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் வறண்ட மேட்டில் கரால் இருக்கிறது. நகரின் மையப்பகுதி மட்டும் 60 ஹெக்டேருக்கு மேல் பரந்தது. ஆறு பெரிய பிரமிடு வடிவக் கட்டடங்கள் அங்கே உள்ளன. அவை எகிப்தியப் பிரமிடுகளைப் போலக் கூர்முனை கொண்ட கல்லறைகள் அல்ல. படிப்படியாக உயர்ந்து தட்டையான உச்சியில் முடியும் மேடைகள். உச்சியில் அறைகளும் தீ வளர்க்கும் குழிகளும் இருந்தன. மிகப் பெரியது 28 மீட்டர் வரை உயர்கிறது; அதன் அடித்தளம் ஒரு பக்கத்தில் சுமார் 150 மீட்டர் நீளும். அதன் முன்னால், தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் வட்ட வடிவ முற்றம் ஒன்று இருக்கிறது. இந்த இறங்கு முற்றம் பின்னர் ஆண்டிஸ் பகுதிக் கட்டடக் கலையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவம்.

கரால் தனியூரும் அல்ல. வௌரா, சூப்பே, பத்திவில்க்கா, ஃபோர்த்தலேசா என்ற நான்கு சிறு ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் இத்தகைய மேடுகளும் முற்றங்களும் கொண்ட ஏறத்தாழ முப்பது ஊர்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. இந்தப் பகுதியை நோர்த்தே சீக்கோ என்கிறார்கள். கராலின் மக்கள்தொகை சுமார் 3,000 இருந்திருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இவ்வளவு பெரிய இடம் இவ்வளவு காலம் கண்ணில் படாமல் போனது எப்படி என்ற கேள்வி எழும். கண்ணில் பட்டது, என்னவென்று புரியவில்லை. சூப்பே ஆறு கடலில் சேரும் இடத்துக்கருகே உள்ள அஸ்பெரோவை மாக்ஸ் ஊலே 1905லேயே பார்த்தார். 1941இல் கோர்டன் வில்லியும் ஜான் கார்பெட்டும் அங்கே அகழ்ந்தார்கள். சுற்றிலும் இருந்த மேடுகளை இயற்கையான குன்றுகள் என்று நினைத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1971இல், வில்லி இளைய ஆய்வாளரான மைக்கேல் மோஸ்லியுடன் அதே இடத்துக்குத் திரும்பியபோதுதான் அவை மனிதர் கட்டிய மேடைகள் என்பது தெளிந்தது. கராலையும் 1940களின் இறுதியில் பால் கோசாக் பார்வையிட்டுக் குறிப்பெழுதியிருக்கிறார். ஆனால் தொல்லியலாளர் ஓர் இடத்தின் காலத்தை முதற்பார்வையில் கணிப்பது தரையில் கிடக்கும் பானை ஓடுகளைக் கொண்டு. கராலில் ஓடே இல்லை. பெருவில் கொள்ளையரையும் அருங்காட்சியகங்களையும் ஒருங்கே இழுக்கும் தங்கமும் இல்லை. காலம் சொல்ல ஏதுமற்ற, விற்க ஏதுமற்ற இடமாக அது கிடந்தது. கொள்ளையர் பெரிதாகத் தோண்டாமல் விட்டதற்கும் இதுவே காரணம்.

லிமாவின் சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூத் ஷேடி 1994இல் சூப்பே பள்ளத்தாக்கில் முறையான கள ஆய்வைத் தொடங்கினார். பானை ஓடு கிடைக்காததை அவர் குறையாகக் கொள்ளாமல் தடயமாகக் கொண்டார்: இந்தப் பகுதியில் மட்பாண்டம் புழக்கத்துக்கு வருவது கி.மு. 1800 வாக்கில் என்பதால், ஓடில்லாத ஊர் அதற்கு முந்தையதாக இருக்க வேண்டும். அது ஊகம்தான், உறுதி செய்தது கோரைப் பை.

கட்டடங்களின் உட்புறத்தை நிரப்பக் கற்களைக் கொட்டாமல், கோரையால் முரட்டுத்தனமாகப் பின்னிய வலைப்பைகளில் கற்களை இட்டு, பையோடு சேர்த்து அடுக்கியிருந்தார்கள். சிக்ரா எனப்படும் இந்தப் பைகள் மழையே காணாத அந்த மண்ணில் மக்காமல் அப்படியே இருந்தன. கரிமக் காலக்கணிப்புக்கு இது வாய்ப்பான பொருள். மரக்கட்டையைச் சோதித்தால், அந்த மரம் வெட்டப்பட்ட காலத்துக்கும் கட்டடத்தில் பயன்பட்ட காலத்துக்கும் இடையே நூறு ஆண்டுகள்கூட இருந்திருக்கலாம். கோரை அப்படியல்ல; அறுத்த பருவத்திலேயே முடைந்து பயன்படுத்திவிடுவார்கள். எனவே பையின் வயதுதான் கட்டுமானத்தின் வயது. ஷேடி, ஜோனதன் ஹாஸ், வினிஃப்ரெட் கிரீமர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட முடிவுகளில் கராலின் மிகப் பழைய காலம் கி.மு. 2627 என்று வந்தது. 2004இல் ஹாஸ் குழு பத்திவில்க்கா, ஃபோர்த்தலேசா பள்ளத்தாக்குகளிலிருந்து 95 புதிய காலக்கணிப்புகளை வெளியிட்டு, கி.மு. 3000 முதல் 1800 வரை நீண்ட ஒரு வட்டார நாகரிகம் இது என்று காட்டியது. 2009இல் யுனெஸ்கோ கராலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கடலில் விளைச்சல், கரையில் வறட்சி

பாலைவனத்தில் இத்தனை பேருக்குச் சோறு எங்கிருந்து வந்தது? விடை அந்தப் பாலைவனத்தை உண்டாக்கிய கடலிலேயே இருக்கிறது. தெற்கிலிருந்து பெருவின் கரையை ஒட்டி ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் மிகக் குளிர்ந்தது. கரையோரக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்திலிருந்து ஊட்டம் நிறைந்த குளிர்நீர் மேலே வருகிறது. குளிர்ந்த கடலின் மேலுள்ள காற்று மழைமேகமாக எழும்ப முடிவதில்லை. அமேசான் பக்கத்து ஈரத்தை ஆண்டிஸ் மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. ஆகவே கரையில் மழை இல்லை. அதே குளிர்நீர் நுண்ணுயிர் மிதவைகளை ஏராளமாகப் பெருக்குவதால் கடலில் மீன் கொழிக்கிறது. அதில் முதன்மையானது நெத்திலி. ஒரே இனத்து மீனை நம்பி நடக்கும் உலகின் மிகப் பெரிய மீன்பிடித் தொழில் இன்றும் பெருவின் நெத்திலிப் பிடிப்புதான்.

இதை அடிப்படையாக வைத்து மோஸ்லி 1975இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்: ஆண்டிஸ் நாகரிகத்தின் கடைக்கால் தானியத்தின்மேல் போடப்படவில்லை, கடலுணவின்மேல் போடப்பட்டது. அன்று அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. மீனை நம்பி நகரம் எழுந்த முன்னுதாரணம் எங்கும் இல்லை என்றார்கள். கராலின் காலம் தெரிந்தபோது கருதுகோள் ஒரு பக்கம் வலுப்பெற்றது, இன்னொரு பக்கம் சிக்கலுக்குள்ளானது. மட்பாண்டத்துக்கு முந்தைய பெருநகரம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது கடலோரத்தில் இல்லாமல் 23 கி.மீ. உள்ளே இருந்தது.

அகழாய்வில் கிடைத்த எச்சங்கள் இந்தச் சிக்கலை அவிழ்க்கின்றன. உள்நாட்டுக் கராலின் குப்பைக் குழிகளில் நெத்திலி, மத்தி ஆகியவற்றின் முள்ளும் கடற்சிப்பி ஓடும் ஏராளமாகக் கிடைத்தன. தரையில் வாழும் விலங்குகளின் எலும்பு மிகக் குறைவு. கூடவே பருத்தி விதைகள் எங்கு பார்த்தாலும் கிடந்தன. கடலோர அஸ்பெரோவிலோ பருத்தி நூலால் பின்னிய மீன்வலைகளும் வலைக்கு மிதவையாகக் கட்டிய சுரைக்குடுக்கைகளும் கிடைத்தன. கரையில் பருத்தியும் விளையாது, சுரையும் விளையாது. நெத்திலியோ சிறு மீன்; அதைப் பிடிக்கக் கண் நெருங்கிய வலை வேண்டும், வலையின் கண் நெருங்க நெருங்க நூல் அதிகம் செலவாகும். உப்புநீரிலும் வெயிலிலும் வலை நைந்துபோகும் என்பதால் ஒருமுறை பின்னினால் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. ஆக, பரதவருக்கு உள்நாட்டு வயல் தேவைப்பட்டது. உழவருக்குப் புரதம் தரும் மீன் தேவைப்பட்டது. நெத்திலியை உலர்த்திக் கருவாடாக்கினால் கெடாது, எடையும் குறையும். ஒரு நாள் நடையில் அதைத் தலைச்சுமையாகப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்விடலாம்.

இங்கே சேமிப்புச் செல்வமாக இருந்தது தின்னும் பயிர் அல்ல, நூற்கும் பயிர். உணவுக்கும் வயலில் பலவகை இருந்தது: பூசணி, அவரை வகைகள், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கல்வாழைக் கிழங்கு, மிளகாய், கொய்யா. இவற்றுள் சர்க்கரைவள்ளியும் மிளகாயும் கொய்யாவும் ஐரோப்பியர் வழியாக நம் ஊருக்கு வந்து சேர இன்னும் நாலாயிரம் ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது. சூப்பே ஆறு சிறியது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். ஆயினும் பள்ளத்தாக்கின் சரிவு செங்குத்தானது என்பதால், சிறு வாய்க்கால் வெட்டியே நீரை வயலுக்குத் திருப்பிவிட முடிந்தது. நைல், யூப்ரட்டீஸ் கரைகளில் நிகழ்ந்ததுபோல் பெரிய பாசன அமைப்புகளும் அவற்றை நடத்தும் அதிகார வர்க்கமும் இதற்குத் தேவைப்படவில்லை.

மக்காச்சோளம்தான் இந்த விளக்கத்தில் இன்றுவரை தீராத வழக்கு. கராலில் சோளக்கதிர்கள் மிகச் சிலவே கிடைத்ததால் அது சடங்குப் பொருளாக மட்டுமே இருந்தது என்று ஷேடியும் மோஸ்லியும் கருதினர். ஹாஸும் கிரீமரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மண்ணில் கிடைத்த மகரந்தம், கற்கருவிகளில் ஒட்டியிருந்த மாவுத்துகள், உலர்ந்த மனிதக் கழிவு ஆகிய மூன்றிலும் மக்காச்சோளத்தின் தடயம் பரவலாக இருப்பதாகக் காட்டி, அது அன்றாட உணவே என்றனர். அந்தச் சான்றைத் தள்ளிவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மக்காச்சோளம் உண்டார்கள் என்பது வேறு, மக்காச்சோளத்தின் மிகுவிளைச்சலால் நகரம் எழுந்தது என்பது வேறு. முன்னதற்குச் சான்று வந்திருக்கிறது. பின்னதற்கு இன்னும் வரவில்லை.

யார் கட்டினார்கள், யார் கட்டச் சொன்னார்கள்

கோரைப் பை முறைக்கு இன்னொரு பயனும் உண்டு. பெரு நாட்டில் நிலநடுக்கம் அடிக்கடி வரும். கற்களைத் தளர்வாகக் குவித்தால் ஒவ்வோர் அதிர்விலும் அவை சரிந்து வெளிச்சுவரைத் தள்ளும். பைகளில் கட்டிய கற்கள் சிறிதே அசைந்து மீண்டும் அமர்ந்துகொள்ளும். இதை அறிந்தே செய்தார்கள் என்று பொறியியல் நோக்கில் ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர். ஒரே மூச்சில் கட்டிமுடித்த மேடைகளும் அல்ல இவை. பழைய அறைகளைக் கற்பைகளால் நிரப்பி மூடி, அவற்றின் மேலே புதியதைக் கட்டி, சுவருக்குப் புதுச்சாந்து பூசி, தலைமுறைதோறும் உயர்த்தியிருக்கிறார்கள்.

இந்த உழைப்பைத் திரட்டியவர் யார்? அரச கல்லறை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் சமத்துவம் நிலவியதாகவும் சொல்ல முடியாது. மேடைகளுக்கு அருகில் பெரிய, சாந்து பூசிய வீடுகள். விளிம்பில் சிறிய குடில்கள். 1970களில் ராபர்ட் ஃபெல்ட்மன் அஸ்பெரோவில் அகழ்ந்த மேடை ஒன்றில் கைக்குழந்தை ஒன்றின் புதைப்பு கிடைத்தது. துணியில் சுற்றி, சுமார் 500 மணிகளுடன் வைத்து, நான்கு கால் கொண்ட கல்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள். இரண்டு மாதக் குழந்தை தன் முயற்சியால் எந்தப் பெருமையையும் ஈட்டியிருக்க முடியாது. அந்த மதிப்பு பிறப்பால் வந்தது என்றே கொள்ள வேண்டும். அதே ஊரில் 2016இல் வெளிப்பட்ட பெண்ணின் புதைப்பில், செதுக்கு வேலைப்பாடு கொண்ட நான்கு எலும்பு ஊசிகள் இருந்தன. ஆடையைக் கோத்துப் பூட்டும் இவ்வகை ஊசிகளை ஆண்டிஸ் பெண்கள் பின்னாளிலும் அணிந்தனர்.

சடங்கின் பங்கு பெரிது என்பதில் ஆய்வாளர்களிடையே வேறுபாடு குறைவு. கராலில் அரங்கு போன்ற வட்ட முற்றத்தின் அருகே பெலிக்கன், காண்டோர் பறவைகளின் எலும்பால் செய்த 32 குழல்கள் ஒரே இடத்தில் கிடைத்தன. சிலவற்றில் குரங்கும் பறவையும் கீறப்பட்டிருந்தன. குரங்கு அந்தப் பாலைவனத்தில் வாழும் விலங்கு அல்ல, மலைக்கு அப்பாலுள்ள காட்டு விலங்கு. ஈக்வடார் பக்கத்து வெதுநீரில் வளரும் ஸ்பாண்டிலஸ் சிப்பியும் கிடைத்திருக்கிறது. கடலோரம், காடு, வடக்குக் கடல் என்று தொலைதூரத் தொடர்பு இருந்ததற்கு இவை சான்று.

மதிலும் ஆயுதமும் இல்லாததைக் கொண்டு இது போரே அறியாத சமூகம் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. சான்று அவ்வளவு தூரம் போகாது. கவணும் கட்டையும் தடயம் விட்டுச் செல்லாத ஆயுதங்கள். ஆனால் ஒரு நாள் நடைக்குள் அடுத்தடுத்து இருந்த முப்பது ஊர்கள், நூற்றாண்டுக் கணக்கில், ஒன்றையொன்று அஞ்சிச் சுவர் எழுப்பாமல் வாழ்ந்தன என்பது மறுக்க முடியாதது. வலையையும் மீனையும் மாற்றிக்கொள்ளும் ஊர்கள் ஒன்றையொன்று அழித்துப் பெறக்கூடியது குறைவு என்பது எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம்.

மூத்தது என்ற பட்டம்

அமெரிக்காவின் மிகப் பழைய நாகரிகம் என்ற பட்டத்தையும் சற்று நிதானித்தே சொல்ல வேண்டும். பெருவிலேயே காஸ்மா பள்ளத்தாக்கின் செச்சின் பாஹோவில் ஏறத்தாழ கி.மு. 3500ஐச் சேர்ந்த வட்ட முற்றம் கண்டறியப்பட்டுள்ளது. அதே காலத்தில், இன்றைய லூசியானாவின் வாட்சன் பிரேக்கில், வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்கள் 11 மண்மேடுகளை வட்டமாக எழுப்பினார்கள். அவர்களிடம் வேளாண்மையே இல்லை. மெக்சிகோ வளைகுடாக் கரையில் 17 பெருந்தலைச் சிற்பங்களுக்காகப் பேர்பெற்ற ஓல்மெக்குகள் தலையெடுத்தது கராலுக்கு ஆயிரம் ஆண்டுகள் கழித்து. அவர்கள் மக்காச்சோளத்தை நம்பியவர்கள். ஒரே நிலப்பரப்புக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி இப்படிப் பல வழிகள் திறந்திருக்கின்றன. கராலின் தனித்தன்மை, மேடு எழுப்பியதில் இல்லை. ஒரு வட்டாரம் முழுவதையும் பண்டமாற்றால் பிணைத்து நகரங்களாக வாழ்ந்ததில் இருக்கிறது.

கி.மு. 1800 வாக்கில் அந்தப் பிணைப்பு அறுந்தது. டேனியல் சாண்ட்வைஸ், ஷேடி, மோஸ்லி உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு அதற்கொரு காரணத்தொடரைக் கூறுகிறது. பெரும் நிலநடுக்கம் மலைச்சரிவுகளைத் தளர்த்தியது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளின் பெருமழை அந்த மண்ணையும் கல்லையும் கடலுக்கு அடித்துவந்தது. கடலலை அதைக் கரையோரம் நீண்ட மணல்திட்டாக ஒதுக்கியது. கடற்காற்று அந்த மணலை வயல்களின்மேல் வாரியிறைத்தது. எல் நினோ ஆண்டுகளில் நீர் வெதுவெதுப்பாகி நெத்திலியும் அகன்றுவிடும். வலைக்கு நூல் தந்த வயலும் வலைக்குள் வந்த மீனும் ஒருசேரப் பொய்த்தன.

மக்கள் மறைந்துபோகவில்லை. வௌரா பள்ளத்தாக்கின் விச்சாமாவில் ஏறத்தாழ அக்காலத்துச் சுவர்ப் புடைப்புகளில் எலும்பும் தோலுமான மனித உருவங்கள் உள்ளன. அவை பஞ்சத்தின் பதிவு என்பது ஷேடியின் விளக்கம். 2025 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பெனீக்கோ, சூப்பே பள்ளத்தாக்கில் இன்னும் மேலே, கி.மு. 1800க்கும் 1500க்கும் இடையில் வாழ்ந்த ஊர். கடலோரம் கைவிட்டபோது ஒரு பகுதியினர் மலைப்பாதையை ஒட்டி நகர்ந்திருக்கிறார்கள். பிறகு மட்பாண்டமும் பெரிய வாய்க்கால்களும் வந்தன. கி.மு. முதல் ஆயிரமாண்டில் மலைமேல் எழுந்த சாவின் தே வான்தர் கோயிலில் இறங்கு வட்ட முற்றம் மீண்டும் தோன்றுகிறது.

நூலின் முதன்மை மட்டும் கடைசிவரை மாறவில்லை. கராலின் மக்களிடம், பாவு நூல்களைத் தூக்கிப் பிரிக்கும் விழுது கட்டிய தறி இல்லை. பாவு நூல்களின் ஊடே இரட்டை ஊடை நூல்களை விரலால் முறுக்கி முறுக்கித் துணி பின்னினார்கள். வடக்கே ஹுவாக்கா பிரியேத்தாவில் கிடைத்த அவுரிச் சாயத் துணி சுமார் 6,200 ஆண்டுகள் பழையது என்று 2016இல் நிறுவப்பட்டது. கராலில் கிடைத்த முடிச்சிட்ட நூல்தொகுதி ஒன்றை, இன்காக்கள் கணக்கு வைக்கப் பயன்படுத்திய கீப்புவின் முன்னோடி என்று ஷேடி அடையாளப்படுத்தினார். ஒரே ஒரு மாதிரியை வைத்து அவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பிசாரோவின் ஆட்கள் இன்கா நாட்டில் துணியடுக்கிய பண்டசாலைகளைக் கண்டு வியந்தார்கள். வீரர்களுக்கும் பிரபுக்களுக்கும் அரசன் அளிக்கும் உயர்ந்த வெகுமதி அங்கே பொன்னைவிடத் துணியாகவே இருந்தது. எழுத்தில்லாத அந்தப் பேரரசின் மக்கள் கணக்கும் திறைக்கணக்கும் கீப்பு முடிச்சுகளில் இருந்தன. 1583இல் லிமாவில் கூடிய திருச்சபைப் பேரவை கீப்புகளை மூடநம்பிக்கைக் கருவிகளெனக் கண்டித்து அழிக்கச் சொன்னது. தப்பியவை இன்று உலக அருங்காட்சியகங்களில் ஆயிரத்துக்குச் சற்று மேல் உள்ளன. அவற்றின் எண் முடிச்சுகள் பதின்ம முறையில் அமைந்தவை என்பதை லீலண்ட் லாக் 1912இல் நிறுவினார். எண்ணாக அமையாத முடிச்சுகள் பெயர்களையும் செய்திகளையும் தாங்கியவையா என்பதில் ஆராய்ச்சி தொடர்கிறது.